நாளை மறுநாள் ஆங்கிலச் சோதனை! அம்மா என்ன செய்யலாம்?

நாளை மறுநாள் பிள்ளைக்கு ஆங்கிலச் சோதனை. இன்றிரவு உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்லட்டுமா? மூன்றாம் படிவத்தில் படிக்கும் மகன் மேசை நிறையப் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, எதைத் தொடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பான். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார். அம்மா ஒரு குவளை மைலோ கலக்கி வைத்துவிட்டு, "எனக்கு என்னப்பா தெரியும், நான் படிச்சது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில ஆறாம் வகுப்பு" என்று அடுப்படிக்குப் போய்விடுவார்.

அம்மா, போகாதீர்கள்! இந்த இரண்டு நாளில் உங்களால் ஆகக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஆங்கிலம் தேவையில்லை. உங்களிடம் இருக்கிற தமிழே போதும்.

சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு மூன்றாம் படிவச் சோதனை என்றாலே வயிற்றைக் கலக்கும். எல்.சி.இ. என்று ஒன்று இருந்தது. அது 1978-இல் எஸ்.ஆர்.பி. ஆயிற்று. அந்த இரண்டு சோதனைகளிலும் தவறிய பிள்ளைக்கு நான்காம் படிவத்துக் கதவு அடைபட்டது. மறுவாரமே பால் வாளியும் உளியும் கைக்கு வந்தன. பிறகு 1993-இல் பி.எம்.ஆர்., 2014-இல் பி.டி.3 என்று பெயர் மாறி மாறி வந்து, 2022-இல் அந்தப் பி.டி.3-ஐயும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பின் ஆண்டிறுதியில் பள்ளியிலேயே சோதனை என்றானது.

அப்படியென்றால் பயமில்லையே என்கிறீர்களா? கதவு அடைபடாது, உண்மைதான். ஆனால் மூன்றாம் படிவத்தில் 'வென்ட்' எழுத வராத பிள்ளை ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். எழுதும்போது திணறுகிறது. 2021 முதல் அந்தத் தேர்வில் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என நான்கையும் சோதிக்கிறார்கள். மனப்பாடம் செய்த கட்டுரை ஒன்றை வைத்துக்கொண்டு அங்கே தப்பிக்க முடியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். கீழே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அது உங்களுக்காக. நீங்கள் ஒலியைப் படித்தால் போதும். எழுத்துக்கூட்டுவது பிள்ளையின் வேலை.

நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படிக்கிறார்கள். பலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்காருகிறார்கள். அதன்பின் இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாய்மொழி. அறிவியல், வரலாறு, பந்தடி எல்லாமே மலாயில். ஆகவே ஆங்கிலம் எழுத உட்காரும்போது, அவர்கள் மனம் முதலில் மலாயில் வாக்கியத்தைக் கட்டிக்கொண்டு பிறகு ஆங்கிலத்துக்குத் தாவுகிறது. தவறுகளில் பாதி அந்தத் தாவலில்தான் நேர்கிறது.

மலாயில் 'செமாலாம் சாயா பெர்கி' என்றால் நேற்று நான் போனேன். 'ஏசோக் சாயா பெர்கி' என்றால் நாளை போவேன். இரண்டிலும் 'பெர்கி' அப்படியே நிற்கிறது. இது மலாயின் குறையன்று. அந்த மொழிக்கு நேற்று, நாளை என்ற சொல்லே போதும். ஆனால் அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வரும் பிள்ளை 'யெஸ்டர்டே ஐ கோ' என்று எழுதிவிடும்.

தமிழைப் பாருங்கள். போனேன், போகிறேன், போவேன்! காலம் மாறினால் வினை மாறியே தீர வேண்டும். 'நேற்று நான் போகிறேன்' என்று உங்கள் வீட்டு மூன்று வயதுக் குழந்தை சொன்னாலே சிரிப்பீர்கள். ஆங்கிலமும் இந்த விஷயத்தில் தமிழ் மாதிரிதான்.

'டியா' என்ற மலாய்ச் சொல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவனும் டியா, அவளும் டியா. அதனால்தான் கட்டுரையில் அக்காளை அறிமுகம் செய்துவிட்டு, மூன்றாவது வரியில் அவளை 'ஹீ' ஆக்கிவிடுகிறார்கள். தமிழில் நினைத்தால் இந்தத் தவறு வருமா? அவன் என்றால் ஹீ, அவள் என்றால் ஷீ. ஆனால் 'அவர்' வந்தால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நாம் மரியாதைக்காக 'அப்பா வருகிறார்கள்' என்று பலராக்கிப் பேசுகிறோம். ஆங்கிலத்துக்கு அந்த மரியாதை தெரியாது. அப்பா ஒருவர்தான், ஆகவே 'ஃபாதர் கம்ஸ்'. கடைசியில் ஒரு 'ஸ்' ஒட்ட வேண்டும். இந்த 'ஸ்' எங்கே வரும் என்று கேட்டால், வருகிறான், வருகிறாள், வருகிறது என்று தமிழில் ஒருவரையோ ஒன்றையோ சொல்லும் இடத்தில் வரும். நான், நீ, நாங்கள், அவர்கள் வந்தால் 'ஸ்' கிடையாது.

இப்போது உங்கள் வேலையைச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையின் எதிரில் உட்காருங்கள். நீங்கள் தமிழில் கேளுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தாளில் எழுதட்டும். போனேன்: வென்ட். வந்தேன்: கேம். பார்த்தேன்: சா. சாப்பிட்டேன்: ஏட். குடித்தேன்: டிரேங்க். எடுத்தேன்: டூக். கொடுத்தேன்: கேவ். வாங்கினேன்: பாட். கொண்டுவந்தேன்: பிராட். சொன்னேன்: டோல்ட். ஓடினேன்: ரேன். விழுந்தேன்: ஃபெல். உட்கார்ந்தேன்: சேட். இவையெல்லாம் 'எட்' ஒட்டாமல் உருவமே மாறுகிற முரட்டுச் சொற்கள். ஆனால் எந்தக் கதை எழுதினாலும் இவை இல்லாமல் முடியாது. பிள்ளை தவறிய சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். நாளை அந்தப் புள்ளி வைத்தவற்றை மட்டும் கேளுங்கள்.

புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாலே போதாதா, ஏன் கேள்வி கேட்க வேண்டும் என்று பிள்ளை முணுமுணுக்கலாம். அதற்கும் பதில் உண்டு. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஒரு பகுதியைக் கொடுத்துச் சோதித்தார்கள். மறுபடியும் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஆனால் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள், இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது முந்திக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்தும் அவர்களே முன்னே நின்றார்கள். உங்களுக்கும் சோதனை இரண்டு நாள் கழித்துத்தானே?

ஆனால் தமிழ் கை கொடுக்காத இடங்களும் உண்டு. அதை மறைக்கக் கூடாது.

பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. நாம் எப்படிப் பேசுகிறோம்? "காலையில எழுந்து, தேத்தண்ணி குடிச்சு, ஜங்ஷனுக்கு ஓடி, பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போனேன்." ஐந்து செயல், காலம் காட்டுவது கடைசியில் உள்ள 'போனேன்' மட்டுமே. மற்ற நான்கும் அதன் முதுகில் சவாரி செய்கின்றன. இதை அப்படியே ஆங்கிலமாக்கும் பிள்ளை கடைசி வினையை மட்டும் 'வென்ட்' என்று சரியாக எழுதிவிட்டு, முன்னால் உள்ளவற்றை மொட்டையாக விட்டுவிடும். ஆங்கிலத்தில் சவாரி கிடையாது. ஒவ்வொன்றும் சொந்தக் காலில் நிற்க வேண்டும். காட் அப், டிரேங்க், ரேன், டூக், வென்ட்.

மருந்து எளிது. பிள்ளையை முதலில் தமிழிலேயே உடைத்துச் சொல்லச் சொல்லுங்கள். எழுந்தேன். தேநீர் குடித்தேன். ஜங்ஷனுக்கு ஓடினேன். பஸ் ஏறினேன். பள்ளிக்குப் போனேன். கேட்க வேடிக்கையாக இருக்கும். பரவாயில்லை! உடைத்த பிறகு ஆங்கிலமாக்கினால் குட்டிக் குட்டி வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் சரியான காலம். நீண்ட வாக்கியம் எழுதித் தடுக்கி விழுவதைவிட, குட்டி வாக்கியத்தில் நேராக நடப்பது மேல் என்பது என் எண்ணம்.

இன்னொரு பள்ளம், 'இஸ்'. 'என் அப்பா லாரி ஓட்டுநர்' என்பதில் தமிழுக்கு வினையே வேண்டாம். மலாய்க்கும் வேண்டாம். ஆங்கிலத்துக்குக் கண்டிப்பாக வேண்டும்: 'மை ஃபாதர் இஸ் அ லாரி டிரைவர்'. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்திலும் விரலை வைத்து "வினை எங்கே?" என்று கேளுங்கள். பிள்ளையால் காட்ட முடியாவிட்டால் அங்கே 'இஸ்' அல்லது 'ஆர்', நடந்த கதையானால் 'வாஸ்' அல்லது 'வேர்' விட்டுப்போயிருக்கலாம்.

'அ', 'த' என்ற இரண்டு பொடிச் சொற்கள் பெரியவர்களையே படுத்துகின்றன. இதற்குப் பாட்டி சொன்ன கதையை நினைவுபடுத்துங்கள். "ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு..." முதல் முறை 'ஒரு', இரண்டாம் முறை 'அந்த'. ஆங்கிலத்தில் முதல் முறை 'அ', பிறகு 'த'. விதி முழுவதும் இதுவன்று. ஆனால் இரண்டு நாளுக்கு இது போதும்.

இல்லை என்று சொல்லும்போது மட்டும் மறுபடி தமிழ் உதவிக்கு வருகிறது. 'போகவில்லை' என்பதில் 'போக' என்பது வெறும் வினை. ஆங்கிலத்திலும் 'டிட் நாட்' வந்தால் பின்னால் வெறும் 'கோ'தான். 'டிட் நாட் வென்ட்' என்று எழுதினால் மதிப்பெண் போகும். கேள்விக்கும் அப்படியே: 'டிட் யூ கோ?'

கட்டுரைக்கு என்ன எழுதுவது? வழிகாட்டி நூல்களில் வரும் கடற்கரை உல்லாசப் பயணமும் மிருகக்காட்சிசாலையும் எனக்குப் பிடிப்பதில்லை. திருத்துகிறவருக்கும் அலுத்திருக்கும். ஊரைப் பற்றி எழுதச் சொன்னால் நம்மிடம் சரக்கு இல்லையா என்ன? செம்பிலாங் என்பதே ஒரு மீனின் பெயர். படகுத்துறைக்கு 'ஜெட்டி', மீனவருக்கு 'ஃபிஷர்மேன்'. கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்தியில் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது: 'லைட்ஹவுஸ்'. கம்போங் குவாந்தானில் ஆற்றோரம் மின்மினிகள்: 'ஃபயர்ஃப்ளைஸ்'. இந்நாட்டில் வாணிப அளவில் முதல் செம்பனைத் தோட்டம் 1917-இல் தெனமாரம் தோட்டத்தில்தான் உருவானது. அது நம் பக்கத்தில், 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையில்தான் இருக்கிறது. செம்பனை 'ஆயில் பாம்', குலை 'பஞ்ச்', உதிரிப்பழம் 'லூஸ் ஃப்ரூட்'. இந்த எட்டுப் பத்துச் சொற்களின் எழுத்துக்கூட்டை இன்றே சரிபார்த்து வைத்துக்கொண்டால், ஊர், வீடு, பெற்றோரின் வேலை, மறக்க முடியாத நாள் என்று பல தலைப்புகளுக்கு உதவும்.

கருத்துணர்தல் பகுதிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கேள்விகளைப் படித்துவிட்டுப் பிறகு பத்தியைப் படிக்க வேண்டும். ஹூ என்றால் யார், வேர் என்றால் எங்கே, வென் என்றால் எப்போது, வை என்றால் ஏன், ஹவ் என்றால் எப்படி. 'வேர்' என்று கேட்டதற்கு ஆளின் பெயரை எழுதிவிட்டு வருகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்! பழைய தாள் ஒன்றை எடுத்து, கேள்வி என்ன கேட்கிறது என்று மட்டும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

அப்பாவுக்கும் ஒரு வேலை உண்டு. சோதனைக்கு முந்திய இரவு பத்து மணிக்கு மேல் விளக்கு எரியாமல் பார்த்துக்கொள்வதும், கைத்தொலைபேசியை வாங்கி அலமாரியில் வைப்பதும் அவர் பொறுப்பு. படித்தது மனத்தில் உறைவதற்குத் தூக்கம் வேண்டும். விடிய விடியப் படித்துவிட்டு மண்டபத்தில் கொட்டாவி விடும் பிள்ளைக்கு, தெரிந்த 'பிராட்' கூட நினைவுக்கு வராது. விடியற்காலையில் நீங்கள் பிரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் எழுப்பிவிடுங்கள்; புள்ளி வைத்த சொற்களை ஒரு முறை கேட்க அந்த நேரம் போதும்.

பஸ் ஏறும் முன் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். கட்டுரையை மனத்துக்குள் தமிழில் படித்துப் பார்த்து, 'போனேன்' என்று வருகிற இடத்தில் 'கோ' நிற்கிறதா என்று பார்த்து, நின்றால் அடித்துவிட்டு 'வென்ட்' என்று எழுதட்டும்.