களவுபோன சைக்கிளும் குடிக்கூலியார் இன்ஷியூரன்ஸும்

பொருளை ஈட்டுதல் அரிது. ஈட்டியதைக் காத்தல் அதனினும் அரிது என்பது யாவர்க்கும் ஒப்ப முடிந்ததொன்றாம். ஐக்கிய அமெரிக்க நாட்டில் குடிக்கூலிக்கு வீடெடுத்து வாழும் மாணவர் பலர்க்கும் தொழிலாளர் பலர்க்கும் சைக்கிள் விளையாட்டுப் பொருளன்று; கல்லூரிக்கும் வேலைக்கும் கொண்டு சேர்க்கும் காலேயாம். அஃது ஓரிரவிற் களவுபோயின், மறுநாளே அவர்தம் கல்வியும் வருவாயும் தடைப்படும். இவ்விழப்பிற்கு அந்நாட்டில் வழங்கும் குடிக்கூலியார் இன்ஷியூரன்ஸ் எவ்வளவிற்குத் துணை செய்யும், எவ்விடத்துக் கைவிடும் என்பதை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம். மேற்படிப்பின் பொருட்டு அங்குச் செல்லும் நம் மாணவர்க்கும் இது பயன்படும் என்பது எமது துணிபு.

இன்ஷியூரன்ஸ் என்பது பலர் சிறுதொகை தந்து சேர்த்த பொதுநிதியினின்றும் அவருள் இழப்புற்றார்க்கு ஈடளிக்கும் ஏற்பாடாகும். 1666-ஆம் ஆண்டில் லண்டன் நகரைப் பெருந்தீ அழித்தபின், வீடுகட்குத் தீக்காப்பளிக்கும் முறை அங்கே வளர்ந்தது. அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் அவர்தம் நண்பரும் 1752-இல் பிலடெல்பியா நகரில் அத்தகைய சங்கமொன்றை நிறுவினர். நெடுங்காலம் தீக்கு ஒரு பாலிஸியும் களவுக்கு வேறொரு பாலிஸியும் பெறவேண்டியிருந்தது. 1950-ஐ ஒட்டியே இவற்றை ஒன்றில் அடக்கும் வழக்கம் அந்நாட்டிற் பரவலாயிற்று.

வீட்டுக்காரர் பெற்றுள்ள இன்ஷியூரன்ஸே குடியிருப்போரையும் காக்கும் எனப் பலர் கருதுவர். அது பொருந்தாது. அது சுவரையும் கூரையையும் காக்குமேயன்றிக் குடியிருப்போரின் உடைமைகளைக் காவாது. அவற்றிற்கென்றே எச். ஓ. 4 என்னும் தனிப் பாலிஸி அமைந்துளது. அது 16 வகை இடர்களை எண்ணிக் கூறுகின்றது. களவு அவற்றுள் ஒன்று. வீட்டினுள் வைத்த சைக்கிளேயன்றி, நூல்நிலைய வாயிலிலோ ரயில் நிலையத்திலோ பூட்டிவைத்த சைக்கிள் களவுபோயினும் பொதுவாக ஈடு கேட்கலாம். ஆயின், உடன் தங்கும் நண்பர் உறவினரல்லராயின், ஒருவர் பெற்ற பாலிஸி மற்றவர் பொருளைக் காவாது. அவர் பெயரும் பாலிஸியிற் சேர்ந்திருத்தல் வேண்டும்.

இனி ஈட்டுத் தொகையைக் குறைப்பன இரண்டு. முதலாவது, ‘டிடக்டிபிள்’ எனப்படும் முதற்பங்கு. இழப்பின் முதற்பகுதியை இழந்தவரே தாங்குதல் வேண்டும் என்பது இதன் கருத்து. அஃது 500 டாலராகவோ 1,000 டாலராகவோ இருத்தல் பெருவழக்கு. இரண்டாவது, விலை மதிக்கும் முறை. புதிது வாங்கும் விலையைத் தருவது ஒருமுறை; பழமைக்கேற்பத் தேய்மானம் கழித்துத் தருவது மற்றொருமுறை. சைக்கிளொன்றின் புதுவிலை 900 டாலர் எனவும், சில ஆண்டு ஓடியபின் அதன் மதிப்பு 400 டாலர் எனவும், முதற்பங்கு 500 டாலர் எனவும் கொள்வோம். முன்னைய முறையில் 400 டாலர் கிடைக்கும். பின்னைய முறையில் ஒரு காசும் கிடையாது. பாலிஸி ஒன்றே போல் தோன்றினும் பயன் இங்ஙனம் வேறுபடுகின்றது.

விலையுயர்ந்த சைக்கிள் உடையார், அதனைப் பாலிஸியில் தனியே குறித்துச் சிறிது மிகைப் பிரீமியம் செலுத்துவாராயின், முதற்பங்கின்றியே ஈடு பெறுதல் பெரும்பாலும் இயலும். மின்சார மோட்டார் பூட்டிய சைக்கிளின் நிலையோ ஐயத்திற்கிடமானது. மோட்டார் வண்டிகளைப் பாலிஸிகள் பொதுவாக விலக்குகின்றன. இதுவும் அவ்வகையதே எனச் சில கம்பெனிகள் மறுத்துவிடுகின்றன. நியூயார்க் நகரில் உணவு கொண்டு சேர்க்கும் தொழிலாளர் மிகப் பலர் இவ்வகைச் சைக்கிளையே நம்பி வாழ்கின்றனர். ஆதலின் வாங்குமுன்னரே கம்பெனியின் விடையை எழுத்திற் பெறுதல் நன்று.

பெற்றோர் இல்லம் அந்நாட்டிலேயே இருப்பின், விடுதியில் தங்கிப் பயிலும் 24 வயது நிரம்பாத முழுநேர மாணவர்க்கு அவர்தம் பாலிஸியே பெரும்பாலும் துணையாகும். ஆயின் வேறிடத்திலுள்ள உறைவிடப் பொருள்கட்குப் பத்தில் ஒரு பங்கே எல்லை என்னும் விதி பல பாலிஸிகளில் உண்டு. 30,000 டாலர்க் காப்பாயின் எல்லை 3,000 டாலராம். கடல் கடந்து செல்லும் நம் மாணவர்க்கோ இவ்வழி இல்லை. தம் பெயரிலேயே பாலிஸி பெறுதல் வேண்டும்.

களவு நிகழ்ந்தால் செய்யத்தக்கன யாவை? போலீஸாரிடம் உடனே புகார் எழுதிக் கொடுத்து அதன் எண்ணைப் பெறுக. கம்பெனிக்குத் தாமதமின்றி அறிவிக்க. வாங்கிய ரசீதும், புகைப்படமும், பெடல் அச்சுப் பொருந்தும் குழாயின் அடியிற் பொறித்த எண்ணும் கைவசம் இருத்தல் வேண்டும். இவற்றைக் களவுபோன பின் தேடுவார் இடர்ப்படுவர். ஆதலின் வாங்கிய அன்றே எழுதி வைக்க. அன்றியும், ஒருமுறை ஈடு கேட்டது 7 ஆண்டு வரை கம்பெனிகள் நோக்கும் பொதுப் பதிவேட்டில் நிற்கலாம். பின்னர்ப் பிரீமியம் உயரவும் கூடும். எனவே முதற்பங்கு போகச் சிறிதே கிடைக்குமாயின், கேளாதொழிதலே சில காலங்களில் சிக்கனமாம்.

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று புலனாகும். 300 டாலர்ச் சைக்கிளை இழந்த ஏழைக்கு, 500 டாலர் முதற்பங்குள்ள பாலிஸி யாதும் தருவதில்லை. மற்றொன்று வாங்க இயலாதவரும் பெரும்பாலும் அவரே. தீயினின்றும் பெருங்களவினின்றும் உடைமை முழுவதையும் காக்க இது தக்கதே. சிறு சைக்கிளுக்கோ நல்ல பூட்டும், விழிப்பும், மாதந்தோறும் ஒதுக்கிய சிறு சேமிப்புமே உற்ற துணை. கையொப்பமிடுமுன் முதற்பங்கு எவ்வளவு, மதிப்பு எம்முறை, விலக்கு யாது என்னும் மூன்றையும் கேட்டறிவாராயின், நம்மவர் அயல்நாட்டில் ஏமாற்றமடைய நேராது.