கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் என்ன எழுத வேண்டும்?

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவருக்கு நள்ளிரவில் காய்ச்சல் வருகிறது. அறுவை சிகிச்சை நடந்தது சென்னையில், வீடு இருப்பது தென்காசிப் பக்கம். அருகிலுள்ள மருத்துவமனையில்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. அங்கே கேஸ் ஷீட்டில் 'சிறுநீரக மாற்று செய்தவர்' என்று எழுதுவார்கள். பல நேரம் அத்தோடு சரி.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் அரசுத் திட்டம் தமிழகத்தில் 2008-ல் தொடங்கியது. உறுப்பு மாற்றுக்கு இவ்வளவு செய்த மாநிலம், அட்மிஷன் தாளிலும் அதே அக்கறையைக் காட்ட வேண்டும்.

அந்தத் தாளில் முக்கியமாக வர வேண்டியது டாக்ரோலிமஸ் மாத்திரை. உடல் புது உறுப்பை நிராகரிக்காமல் காப்பது இதுதான். தினம் இருவேளை போடும் வகையும் உண்டு, ஒருவேளை போடும் வகையும் உண்டு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அப்படியே கொடுக்கக் கூடாது. எனவே மருந்தின் பெயர் மட்டும் போதாது. பிராண்ட், வகை, மில்லிகிராம், கடைசியாகப் போட்ட மணி எல்லாம் வேண்டும். மணி எதற்கு? ரத்தத்தில் இதன் அளவைக் காலை மாத்திரைக்கு முன்பு பார்ப்பதே முறை. எட்டு மணிக்கு மாத்திரை போட்டவருக்குப் பத்து மணிக்கு ரத்தம் எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். மணி எழுதப்படாத தாளை நம்பி டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டால், கிடைத்த சிறுநீரகத்துக்கே ஆபத்து.

மற்ற மருந்துகள் சிலவும் டாக்ரோலிமஸோடு மோதும். கிளாரித்ரோமைசின், ஃபுளூகோனசோல் இரண்டும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் வெகுவாக இறக்கிவிடும். வலிக்கு வழக்கமாகப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி சிறுநீரகத்தையே பாதிக்கும்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினினின் வழக்கமான அளவையும் தவறாமல் குறிக்க வேண்டும். 1.8 என்பது ஒருவருக்கு எப்போதும் இருக்கும் அளவாக இருக்கலாம், 1.1-லேயே இருந்தவருக்கு அதே 1.8 அபாய அறிகுறி. ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் மட்டுப்பட்டே தெரியும் என்பதால், லேசான சூட்டையும் அலட்சியமாகக் கடக்கக் கூடாது. டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட கை எது என்றும் எழுதுங்கள். அந்தக் கையில் ஊசியும் கூடாது, பி.பி.யும் பார்க்கக் கூடாது.

இத்தனைக்கும் அரைப் பக்கப் படிவம் போதும். டூட்டி டாக்டரின் நினைவாற்றலை நம்பி விடுகிற விஷயமல்ல இது. எந்த மருத்துவமனையும் நாளைக்கே அச்சடித்துக்கொள்ளலாம்.

அதுவரை குடும்பத்தார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை அட்டைகள், மாற்று சிகிச்சை நடந்த மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளர் எண் மூன்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். புது மருந்து எதையும் தொடங்கும் முன் அந்த எண்ணுக்கு ஒருமுறை பேசும்படி டாக்டரிடம் கேளுங்கள். கேட்கத் தயங்காதீர்கள்.