ஒரே வாரத்தில் சிவப்பழகா? கிட்னி பத்திரம்!

காரைக்குடி, சிவகங்கை பக்கம் கல்யாணம் நிச்சயமானாலே "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி" என்று யாராவது முணுமுணுப்பார்கள். உடனே ஒரே வாரத்தில் வெள்ளையாக்கும், லேபிள் இல்லாத கிரீமைத் தேடுவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

தோலுக்கு நிறம் தருவது மெலனின். நம்மூர் வெயிலுக்கு அதுதான் இயற்கைக் குடை. அதைச் சட்டென்று குறைக்க சில கிரீம்களில் பாதரசம் கலக்கிறார்கள். அது தோல் வழியாக ரத்தத்தில் சேர்ந்து சிறுநீரகத்தைத் தாக்கும். கேரள மாநிலம் மலப்புரத்தில் இத்தகைய கிரீம் பூசிய பலருக்கு சிறுநீரக பாதிப்பு இருந்தது 2023-ல் வெளியே தெரிந்தது. முகம், கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்துப் போனாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ஸ்டீராய்டு கலந்த கிரீம் தோலை மெலிதாக்கும். பருவும் முடியும் முளைக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். எனவே டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது.

செலவில்லாத வழி உண்டு. மதிய வெயிலில் குடை, இல்லாவிட்டால் தலையில் துண்டு. சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் சிமெண்ட் பட்ட கையை உடனே கழுவி, வேலை முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவலாம். தேமல், படை என்றால் அரசு ஆஸ்பத்திரியில் காட்டலாம்.

'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீமே 2020-ல் தன் பெயரில் இருந்த 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டது. அப்புறம் மாநிறத்துக்கு நாம ஏன் கூச்சப்படணும்?