கண்ணாடியைக் கண்டால் நடுக்கமா?

வாளையார் முதல் குமுளி வரை, எல்லையோரத் தமிழர் வீடுகளிலும் இரவில் கண்ணாடி பார்க்காதே என்பார்கள் பெரியவர்கள். அது வெறும் வழக்கம். பட்டப்பகலிலும் கண்ணாடி எதிர்ப்பட்டால் நெஞ்சு படபடத்து, வியர்த்து, சலூன் பக்கமே தலைகாட்டாதவர்கள் உண்டு. மந்திரவாதிக்குக் கூலிப்பணத்தைக் கொட்ட வேண்டாம். பாம்பு, உயரம் போல ஒன்றின் மீது மட்டும் வரும் பயநோய் இது.

மங்கிய வெளிச்சமும் வேலை காட்டும். இத்தாலிய உளவியலாளர் கபூட்டோ, 50 பேரை மங்கலான விளக்கில் 10 நிமிடம் தம் முகத்தையே கண்ணாடியில் பார்க்கச் செய்து 2010-ல் எழுதினார். மூன்றில் இரண்டு பங்கினருக்கு முகம் கோணி உருமாறியது. சிலருக்கு இறந்துபோன பெற்றோர் முகமே தெரிந்ததாம்! எல்லாம் கண்ணும் மூளையும் செய்யும் வேலை. எஸ்டேட் லயத்து மங்கல் பல்பின் கீழ் யாருக்கும் இது நேரலாம். (சேர்த்தலை அருகே களவங்கோடத்தில் 1927-ல் ஸ்ரீ நாராயண குரு கண்ணாடியையே பிரதிஷ்டை செய்த மாநிலம் இது.)

பயந்தவரை வலுவில் கண்ணாடி முன் நிறுத்துவது தவறு. டாக்டர் துணையோடு, சிறு கண்ணாடியைத் தூரத்தில் வைத்து, பயம் தணியத் தணிய அருகே கொண்டுவருவார்கள். மலையாளத்தில் சொல்லத் தெரியாதே என்று தயங்குவோர் 14416-க்குப் போன் செய்யலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம்.