மட்டக்களப்புச் சிறையுடைப்பும் பொலிசாரும்

1983 செப்டெம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்புச் சிறையில் நிகழ்ந்த உடைப்பைக் காவற்குறைபாடு என்று மட்டும் நாம் கொள்வதற்கில்லை. அதன் வேர் வெலிக்கடையில் உள்ளது. அவ்வாண்டு யூலை 25, 27 ஆகிய நாள்களில் அங்கு 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். உயிர்தப்பியோர் மட்டக்களப்புக்கு மாற்றப்பட்டனர். சிறைச்சுவர் தம்மைக் காக்காது என்பதை அவர்கள் கண்ணாற் கண்டவர்கள்.

40க்கு மேற்பட்ட அரசியற் கைதிகள் வெளியேறியதும் படையினரும் பொலிசாரும் தேடுதலில் இறங்கினர். கல்லடிப் பாலத்தை மறித்தல் எளிது. வாவியையும் அதற்கப்பாலுள்ள படுவான்கரைக் கிராமங்களையும் மறித்தல் எளிதன்று. வெலிக்கடை விடயத்திலோ இவ்வேகம் காணப்படவில்லை. நீதவான் அம்மரணங்களைக் கொலையெனத் தீர்த்து, மேலும் விசாரிக்குமாறு பொலிசாரைப் பணித்திருந்தார். இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.