எடை குறைப்பவர் இலையில் ஒரு ஜாங்கிரி

எடையைக் குறைப்பது என்று முடிவெடுத்ததும் நம் வீடுகளில் முதலில் எழும் சபதம், 'இனிமே ஸ்வீட்டே தொடக் கூடாது' என்பதுதான். மூன்று வேளைச் சோற்றின் அளவும் இரவு பத்து மணிப் பரோட்டாவும் அதற்கு அப்புறம்தான் ஞாபகத்துக்கு வரும். இனிப்பைத் துறப்பது ஊரறியச் செய்யும் தியாகம். கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியை ஒதுக்கினால் பக்கத்து இலைக்காரர்கூடக் கவனிப்பார். அதே மனிதர் நாளைக்கு நாலு காபி குடிப்பவராக இருந்தால், டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் வீதம் எட்டு ஸ்பூன் சர்க்கரை யார் கண்ணிலும் படாமல் உள்ளே போகிறது. ஒரு ஸ்பூன் 5 கிராம் என்று வைத்தால் நாளைக்கு 40 கிராம், மாதத்துக்கு 1,200 கிராம். சர்க்கரையில் கிராமுக்கு 4 கலோரி என்பதால், டம்ளர் வழியாக மட்டும் மாதம் 4,800 கலோரி. மாதம் இரண்டு ஜாங்கிரி தின்றாலும் அது இதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கும். உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள், அதாவது சுமார் 25 கிராமுக்குள், அடங்கினால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வழிகாட்டியது. நம் காபிக்காரர் பலகாரம் எதையும் தொடாமலேயே அந்த 25 கிராமைத் தாண்டிவிட்டார். எப்போதாவது, தெரிந்தே, ரசித்துச் சாப்பிடும் இனிப்பு எடை குறைப்பைக் கெடுப்பதில்லை. கெடுப்பது கணக்கில் வராத சர்க்கரையும், இனிப்பின் மீது போடும் முழுத் தடையும்தான் என்பது என் வாதம்.

சர்க்கரைக்கென்று எடையைக் கூட்டும் தனி மாயசக்தி உண்டா என்பதை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்து 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், உடல்பருமன் உள்ள 42 பெண்கள் ஆறு வாரம் நாளைக்குச் சுமார் 1,100 கலோரி உணவில் இருந்தார்கள். ஒரு குழுவுக்கு அந்தக் கலோரியில் 43 சதவீதம் சர்க்கரையிலிருந்து வந்தது. இன்னொரு குழுவுக்கு வெறும் 4 சதவீதம். இரு குழுவினருக்கும் எடை ஒரே அளவில் குறைந்தது. 2010-இல் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஊட்டச்சத்துப் பேராசிரியர் மார்க் ஹாப் பத்து வாரம் பெரும்பாலும் கிரீம் கேக், பிஸ்கட், சிப்ஸ் என்றே சாப்பிட்டு, நாளைக்கு 1,800 கலோரியைத் தாண்டாமல் 12 கிலோ இறக்கினார். ஒரு மனிதர் தன்மேலேயே நடத்திய சோதனை அது. அதை யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. 2013-இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதுதான் படம் தெளிவானது. மொத்தக் கலோரியை மாற்றாமல் மாவுச்சத்துக்குப் பதில் சர்க்கரையை வைத்தால் எடையில் மாற்றம் இல்லை. விருப்பப்படி சாப்பிடுபவர்கள் சர்க்கரையைக் குறைத்தால் சராசரியாக 0.8 கிலோ குறைகிறது. அளவுக்கு மேல் சாப்பிட வைப்பதுதான் சர்க்கரை செய்யும் வேலை என்பது இதிலிருந்து புரிகிறது. அளவு கையில் இருக்கும்வரை அதன் ஜம்பம் பலிக்காது.

சர்க்கரை எந்த உருவத்தில் வருகிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 15 பேருக்குத் தினமும் 450 கலோரியை நான்கு வாரம் ஜெல்லி மிட்டாயாகவும், இன்னொரு நான்கு வாரம் குளிர்பானமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். மிட்டாய் தின்ற நாட்களில் மற்ற சாப்பாடு தானாகவே அந்த அளவுக்குக் குறைந்தது. குளிர்பானம் குடித்த நாட்களில் குறையவே இல்லை; எடையும் ஏறியது. மென்று தின்றதை வயிறு கணக்கில் வைக்கிறது, குடித்ததை மறந்துவிடுகிறது. 250 மில்லி கோலாவில் ஏறக்குறைய 26 கிராம் சர்க்கரை. ரோஸ்மில்க், ஜிகர்தண்டா, சர்பத் எல்லாம் அதே வகைதான். ஜூஸ் கடையில் மிக்ஸி ஜாருக்குள் பழத்தோடு எத்தனை கரண்டி சீனி விழுகிறது என்று நின்று பார்த்தவர்கள், 'ஸ்வீட்டை விட்டுட்டேன், ஜூஸ்தான் குடிக்கிறேன்' என்று சொல்ல யோசிப்பார்கள்.

அடுத்தது தடை. 1975-இல் ஹெர்மன், மேக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவிகளுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை 'ருசி பார்த்துச் சொல்லுங்கள்' என்று வேண்டிய அளவு தின்ன விட்டார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் பத்தியம் காப்பவர்களோ, ஷேக் குடிக்காதபோது அடக்கமாக இருந்துவிட்டு, குடித்த பிறகு கூடுதலாகத் தின்றார்கள். நனைந்தபின் முக்காடு எதற்கு என்று நம் ஊரில் சொல்வது அப்படியே ஆய்வகத்தில் நடந்தது. பின்னர் வந்த சோதனைகளில் இன்னொன்றும் தெரிந்தது: முதலில் தின்றது 'கலோரி அதிகம்' என்று நம்ப வைத்தாலே போதும், பத்தியம் உடைந்துவிடும். ஆக, அவிழ்த்துவிடுவது நாக்கில் பட்ட சர்க்கரை அல்ல, 'இன்றைக்குக் கெட்டுப்போச்சு' என்ற தீர்ப்பு. முழுத் தடை போட்டவருக்கு அரைத் துண்டு அதிரசமும் குற்றம்தான். குற்றம் நடந்தபின் மிச்ச நாளுக்குச் சட்டம் ஏது? ஜெர்மனிய ஆய்வாளர் வெஸ்டன்ஹோஃபர் 1990-களில் உணவுக் கட்டுப்பாட்டையே கறாரானது, நெகிழ்வானது என்று இரண்டாகப் பிரித்து அளந்தார். கறாராக இருப்பவர்களிடம் கட்டு மீறித் தின்பது அதிகமாகவும், நெகிழ்வாக இருப்பவர்களிடம் குறைவாகவும் இருந்தது. எது காரணம், எது விளைவு என்று அந்த அளவீடு மட்டும் நிறுவிவிடாது. ஆனாலும் ஐஸ்கிரீம் சோதனையோடு சேர்த்து வைத்தால் இரண்டும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன.

இதற்கு எதிராக வலுவான ஒரு கேள்வி இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. 'எப்போதாவது' என்பது நம் ஊரில் எப்போது? ஆவணியில் கிருஷ்ண ஜெயந்திச் சீடை, அடுத்து பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை, நவராத்திரி, தீபாவளி, கார்த்திகைப் பொரி உருண்டை, மார்கழியில் கோயில் கோயிலாகச் சர்க்கரைப் பொங்கல், பிறகு தைப்பொங்கல். நடுவே முகூர்த்த நாட்கள், பிறந்தநாள் கேக், வேலையில் புதிதாகச் சேர்ந்தவர் நீட்டும் டப்பா. 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 195 பேரின் எடையைப் பின்தொடர்ந்தது. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரையிலான அவர்களின் பண்டிகைக் காலத்தில் சராசரியாக 0.37 கிலோ ஏறியது. அரைக் கிலோகூட இல்லையே என்று சிரிக்கலாம். ஏறியது பிறகு இறங்கவில்லை என்பதுதான் சங்கடம். பத்து தீபாவளியில் அது மூன்றரைக் கிலோவுக்கும் மேல். ஆகவே இனிப்புக்கு இடம் உண்டு என்று சொல்பவர் அந்த இடம் எவ்வளவு என்றும் சொல்லியாக வேண்டும். என் கணிப்பில், பண்டிகை நாளில் சாப்பிடும் இனிப்பு இந்தக் கணக்கில் சிறியது. அதற்கு அடுத்த பத்து நாள் ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கும் டப்பாதான் பெரியது. போகும்போது ஒன்று, வரும்போது பாதி. அந்தத் துண்டுகளை யாரும் ஆசைப்பட்டுத் தின்பதில்லை, அங்கே இருக்கிறது என்பதற்காகத் தின்கிறார்கள். வந்த டப்பாவில் பிடித்த இரண்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அன்றைக்கே பங்கிட்டுக் கொடுத்துவிடும் வீட்டில் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்தது.

திருநெல்வேலியில் கடைவாசலிலேயே நின்று அல்வா தின்பவர்களைப் பார்த்தால் அளவு என்றால் என்ன என்பது விளங்கும். கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, சர்க்கரையோடு கிண்டி, நெய் பிரிந்து வரும்வரை விட்டு இறக்கிய அல்வா. சுடச்சுட இலைத் துண்டில் நிறுத்துக் கொடுப்பார்கள். விரலில் ஒட்டிய நெய்யோடு விஷயம் முடிந்துவிடும். அதே அல்வா அரைக் கிலோ பொட்டலமாக வீட்டுக்கு வந்தால் எங்கே முடியும் என்று சொல்ல முடியாது. ஒரே சுவையைத் தொடர்ந்து தின்னத் தின்ன அதன் இன்பம் குறைந்துகொண்டே போகும் என்பதை 1980-களின் தொடக்கத்திலேயே பார்பரா ரோல்ஸ் முதலான ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். முதல் சில வாய்தான் முழு ருசி. வயிறு நிறைந்தபிறகும் பாயசத்துக்கு இடம் இருப்பதும் இதனால்தான், சுவை மாறுகிறதே. நம் இனிப்புகளில் சர்க்கரைக்குச் சமமாக நெய்யையும் கவனிக்க வேண்டும். நெய்யில் கிராமுக்கு 9 கலோரி. 40 கிராம் எடையுள்ள நெய் மைசூர்பாகு ஒன்று 200 கலோரியைத் தொட்டுவிடும், ஏறக்குறைய ஒரு மணி நேர நடை. ஆவியில் வெந்த பூரணக் கொழுக்கட்டைக்கு நெய்ச்சுமை அவ்வளவு கிடையாது.

வெல்லத்துக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. 100 கிராம் சர்க்கரையில் சுமார் 400 கலோரி, வெல்லத்தில் சுமார் 380. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் அருமையான தின்பண்டம், வேர்க்கடலையின் புரதமும் அதில் உண்டு. ஆனால் 100 கிராமுக்கு 500 கலோரி அளவுக்கு வரும் என்பதால் 'ஹெல்தி' என்று நினைத்து பாக்கெட்டைக் காலி செய்பவருக்கு எடை குறையாது.

மேலே சொன்ன கணக்கு எல்லாம் எடையைப் பற்றியது மட்டும். சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களுக்குக் கலோரியோடு, சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்பதும் சேர்கிறது. மாத்திரை, இன்சுலின் அளவும் சேர்கிறது. காயும் பருப்பும் உண்டபிறகு ஒரு சிறு துண்டு என்பது வெறும் வயிற்று இனிப்பைவிட மெதுவாக ஏறும், அவ்வளவுதான். எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும், மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். கடைகளில் 'சுகர் ஃப்ரீ' என்று தனி அலமாரியே இவர்களை நம்பித்தான் நிற்கிறது. அந்த அலமாரி லட்டிலும் கடலை மாவு உண்டு, நெய் உண்டு. பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று போட்டிருப்பார்கள். பக்கத்து அலமாரியில் இருக்கும் சாதா லட்டுப் பெட்டியையும் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கலாம்.