அட்லாண்டிக் வானில் நான்கு மணி நேரத் தூக்கம்

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது லண்டனில் பணிபுரிகிறார். அலுவலின் பொருட்டு ஆண்டுக்கு ஐந்தாறு முறை நியூயார்க் சென்று திரும்புகிறவர். சென்ற விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது, பேச்சினூடே தம் பயணச்சீட்டின் விலையைச் சொன்னார். சாதாரண வகுப்பைப் போலப் பல மடங்கு! "விமானம் ஒன்று, புறப்படும் நேரம் ஒன்று, இறங்கும் நேரமும் ஒன்று. பிறகு எதற்குத் தம்பி இவ்வளவு பணம்?" என்றேன். "படுப்பதற்கு, ஹஜ்ரத்" என்றார்.

விளையாட்டாகச் சொல்கிறார் என்றே எண்ணினேன். கேட்டும் படித்தும் அறிந்தபின், அது முழு உண்மை என்பது விளங்கிற்று.

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 5,500 கிலோமீட்டர். மேற்கே செல்லும் விமானத்துக்கு ஏழரை, எட்டு மணி நேரம் ஆகிறது. திரும்பி வரும்போதோ, உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பெருங்காற்று பின்னிருந்து உந்துவதால், ஏறத்தாழ ஆறரை மணி நேரமே. 2020 பிப்ரவரியில் புயற்காற்றின் துணையால் ஒரு விமானம் ஐந்து மணி நேரத்துக்குள்ளாகவே லண்டன் வந்து சேர்ந்தது. விரைவு நன்மைதானே என்று தோன்றும். ஆனால், நியூயார்க்கில் இரவு ஏறியவர் லண்டனில் இறங்கும்போது அங்கே பொழுது விடிந்திருக்கும். இரு நகரங்களின் கடிகாரங்களுக்கும் ஐந்து மணி நேர வேற்றுமை இருப்பதால், அவர் உடலுக்கு அப்போதுதான் நள்ளிரவு கடந்திருக்கும். இரவுணவு, காலையுணவு, ஏற்றம், இறக்கம் ஆகியவற்றைக் கழித்தால் உறக்கத்துக்கு எஞ்சுவது நான்கு மணி நேரம். அதையும் வீணாக்க மனமின்றி, விமான நிலைய ஓய்வுக்கூடத்திலேயே உண்டு முடித்து, ஏறியவுடன் போர்வைக்குள் புகுந்துகொள்வோர் பலர். காலை பத்து மணிக்குக் கூட்டத்தில் அமர்ந்து கணக்குப் பேச வேண்டியவருக்கு அந்த நான்கு மணி நேரத்தை விற்பதுதான் 'பிசினஸ் கிளாஸ்' எனப்படும் வணிக வகுப்பு.

இவ்வகுப்பு தோன்றிய வரலாறு சுவையானது. 1919 ஜூன் மாதம் ஆல்காக், பிரவுன் என்னும் இருவர் திறந்த இருக்கையில் குளிரில் நடுங்கியவாறு, சுமார் 16 மணி நேரத்தில் அட்லாண்டிக்கை முதன்முதலாக இடைநில்லாமல் கடந்து, அயர்லாந்தின் சேற்று நிலத்தில் இறங்கினர். 1939இல் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் பறக்கும் படகுகள் பயணிகளை ஏற்றத் தொடங்கின; அவற்றில் உணவுக்கூடமும் படுக்கைகளும் இருந்தன. அன்று வானில் கடல் கடந்தவர் அனைவரும் செல்வரே. 1952இல் 'டூரிஸ்ட்' வகுப்பு வந்த பின்னரே நடுத்தர மக்களுக்கும் அந்தக் கதவு சற்றுத் திறந்தது.

கதவை அகலத் திறந்தவர் பிரெடி லேக்கர் என்னும் ஆங்கிலேயர். 1977 செப்டம்பரில் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுனில் 'ஸ்கைட்ரெய்ன்' என்னும் சேவையைத் தொடங்கினார். முன்பதிவு கிடையாது, ரயிலுக்கு வாங்குவதுபோல் அன்றே சீட்டு வாங்கி ஏற வேண்டியதுதான். உணவுக்குத் தனிக்காசு. பெரிய நிறுவனங்களும் வேறு வழியின்றித் தம் கட்டணங்களைக் குறைத்தன. அதனால் எதிர்பாராத ஒரு மனக்குறை எழுந்தது. திடீரெனப் புறப்படவும் தேதியை மாற்றவும் வேண்டியிருந்த அலுவலர்கள் முழுக்கட்டணம் செலுத்தி வந்தார்கள். அவர்கள் பக்கத்திலேயே, அதில் ஒரு பகுதி மட்டும் கொடுத்த உல்லாசப் பயணி அமர்ந்து அதே உணவை உண்டார்! இவர்களைச் சமாதானப்படுத்த, எழுபதுகளின் இறுதியில் திரையொன்றைத் தொங்கவிட்டுத் தனிப்பகுதி ஒதுக்கினர். மலிவுச் சீட்டின் வயிற்றில் பிறந்த பிள்ளையே விலையுயர்ந்த இருக்கை. பாவம், லேக்கரின் நிறுவனம் 1982இல் நொடித்துப்போயிற்று. அத்திரை மட்டும் நிலைத்துவிட்டது.

முதலில் சற்று அகன்ற நாற்காலிதான். 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ், வணிக வகுப்பில் முற்றிலும் தட்டையாக விரியும் படுக்கையைக் கொணர்ந்தது. இடத்தை மிச்சப்படுத்த, ஒருவர் முன்னோக்கியும் அடுத்தவர் பின்னோக்கியும் அமருமாறு அமைத்தனர். இடையே ஏற்றி இறக்கும் தடுப்பு உண்டெனினும், விமானம் எழும்பும்போது அது தாழ்ந்திருக்க வேண்டும்; முன்பின் அறியாத இருவர் நேருக்கு நேர் முகம் பார்த்தபடி வானேற வேண்டியதுதான்.

முன்பகுதியே இத்தனை இலாபம் தருமென்றால் பின்பகுதி எதற்கு என்று எண்ணியவர்களும் உண்டு. இருநூறு பேர் அமரக்கூடிய விமானத்தில் 48 இருக்கைகள் மட்டும் வைத்துப் பறந்தது இயோஸ் நிறுவனம். மேக்ஸ்ஜெட், சில்வர்ஜெட் என்பனவும் வணிகப் பயணிகளுக்காக மட்டுமே பறந்தன. எரிபொருள் விலை ஏறி, பொருளாதாரம் தளர்ந்தபோது, 2007 டிசம்பருக்கும் 2008 மே மாதத்துக்கும் இடையே மூன்றும் வீழ்ந்தன. பின்னே நெருக்கி அமர்ந்திருப்போரின் துணையின்றி, முன்னே காலை நீட்டுவது எளிதன்று. படுக்கை அடைக்கும் இடத்தைக் கணக்கிட்டால், வணிக வகுப்புப் பயணியின் பங்காக வெளியாகும் புகைக்கரி சாதாரணப் பயணியினுடையதைப்போல் சுமார் மூன்று மடங்கு என்கின்றனர். அந்தப் பங்குக்கு எவரும் சீட்டு எழுதுவதில்லை.

நம் மாணவர் சொன்ன மற்றொரு செய்தி. ஒருமுறை, நியூயார்க்கில் பிரசவத்துக்குக் காத்திருந்த சகோதரியிடம் சேர்க்கத் தம் தாயாரையும் உடன் அழைத்துச் சென்றார். அவருக்கு அலுவலகம் தந்த முன்னிருக்கை; தாயாருக்குத் தம் காசில் வாங்கிய பின்னிருக்கை. மனம் ஒப்பாமல், பணிப்பெண்ணிடம் அனுமதி பெற்றுத் தாயாரை முன்னே அமர்த்திவிட்டுத் தாம் பின்னே சென்றார். விமானம் எழும்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை; திரையை விலக்கிக்கொண்டு தாயார் வந்து நின்றார். "எதிரில் யாரோ ஒரு மனிதர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம் சுவரை ஏற்றிவிட்டார்கள், பேச ஆளில்லை. உன் ஆபீஸ் கொடுத்த இடம், நீ போய்ப் படு வாப்பா" என்றாராம்.

பின்னிருக்கையில் அவருக்கு அடுத்து இருந்தவர், அவரைப் போலவே மகளின் பிரசவத்துக்குச் செல்லும் பஞ்சாபி மூதாட்டி. இவருக்குத் தமிழன்றி வேறு தெரியாது; அவருக்குப் பஞ்சாபியன்றி வேறு தெரியாது. நியூயார்க்கில் இறங்கும்போது, அந்த அம்மையாரின் பேரன் எழுதிக் கொடுத்த முகவரித் தாள் தாயாரின் கைப்பையில் பத்திரமாக இருந்ததாம்.